சேட்டின் நீச்சல் டிரவுசர்

போன ஞாயிற்றுக்கிழமை பம்பாய் வியாபாரி ஒருவர் எங்கள் ஊர்க் கிணற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மேலே வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். அதற்கு நானும் ஒரு காரணம். சிரிக்காமல் முழுதாகக் கேளுங்கள்.

என் நண்பர் குமாரசாமியை உங்களுக்குத் தெரியும். ஸ்கூட்டரை இரவல் கொடுத்துவிட்டு, பத்திரமாக வருகிறதா என்று தெருமுனையில் காத்து நிற்பாரே... அவரேதான். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் பனியன் வியாபாரம் படுத்துவிடும். இந்த வருஷம் பாதி மெஷின்கள் நின்றே போய்விட்டன.

"இந்த மாசம் ஆர்டர் வரலைன்னா ஆளுகளை ஊட்டுக்கு அனுப்பறதுதானுங்க" என்றார். அன்று எனக்கே சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் சேட் வந்தார். பம்பாயிலிருந்து யார் வந்தாலும் எங்களுக்குச் சேட்தான். கையில் வெளிநாட்டுப் பத்திரிகையில் கிழித்த ஒரு பக்கம். கடற்கரையில் மூன்று வெள்ளைக்காரர்கள். ஒருவருக்குத் தொடை வரை டிரவுசர். இன்னொருவருக்கு ஜட்டிக்குத் தம்பி மாதிரி ஒன்று. மூன்றாமவருக்குப் பனியனையும் டிரவுசரையும் சேர்த்துத் தைத்த ஒரே உடுப்பு.

"மூணு ஸ்டைலும் பண்ண முடியுமா?" என்றார் சேட்.

முடியாது என்று சொல்கிற ஊரா இது? கட்டிங் மாஸ்டர் ஆறுமுகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை இரண்டு தடவை பார்த்தார். நான்கே நாளில் பனியன் துணியிலேயே மூன்றும் ரெடி. சேட்டுக்கும் திருப்தி. ஆனால் ஒரு கண்டிஷன் — தண்ணீரில் பார்த்த பிறகுதான் ஆர்டர்.

யார் போட்டுக் காட்டுவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் எழுதற ஆளுங்க, மாஸ்டர்."

"அதனாலதானுங்க. உக்காந்து உக்காந்து தொப்பை வெச்சிருக்கீங்க. உங்க இடுப்புல நின்னா உலகத்துல எவன் இடுப்புலயும் நிக்குமுங்க."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

மங்கலம் போகிற வழியில் குமாரசாமியின் தோட்டத்துக் கிணறு. மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மூன்று முறை குதித்தேன். மூன்றாவது உடுப்போடு நான் நடந்து வந்தபோது, படுத்திருந்த எருமை எழுந்து நின்றது. மற்றபடி எல்லாம் பிரமாதம். எதுவும் நழுவவில்லை.

சேட்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நானும் பார்க்கிறேன்" என்று இரண்டாவது ஸ்டைலை மாட்டிக்கொண்டு குதித்தார். கடலில் நீந்திய மனிதர், அழகாக ஒரு சுற்று வந்தார். அப்புறம் முகம் மாறியது. தண்ணீருக்குள் சுவரிலிருந்து நீட்டியிருந்த ஒரு கல்லில் போய் நின்றுகொண்டார்.

"வாங்க சேட்" என்றார் குமாரசாமி.

"தண்ணி நல்லாயிருக்கு" என்றார் சேட்.

பத்து நிமிஷம் ஆயிற்று. தண்ணீர் இன்னும் நன்றாகவே இருந்தது. கடைசியில் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "சார்... டிரவுசர் போகுது."

அது அப்படி நீட்டிய கற்களைப் பிடித்து ஏறுகிற கிணறு. இரண்டு கையும் வேண்டும். சேட்டின் ஒரு கையோ தண்ணீருக்கடியில் மானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் குனிந்து கேட்டார். "ஏனுங்க, அரணாக்கவுத்துல சொருவிக்கலீங்களா?"

"அது என்ன?"

மாஸ்டரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "அரணாக்கவுறே கட்டறதில்லீங்களா?" என்றார், ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. டிரவுசரில் நாடா இல்லை, எலாஸ்டிக் இல்லை. படத்தில் தெரியவில்லை, மாஸ்டர் வைக்கவில்லை. ஆண்பிள்ளை என்றால் இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கும் என்பது அவர் கணக்கு. காய்ந்திருந்தவரை துணி இறுக்கமாகத்தான் இருந்தது. நனைந்ததும் கனத்துத் தொங்கிவிட்டது. நானும் குதிக்குமுன், கோவணம் கட்டிய பழக்கத்தில், என்னை அறியாமலே கயிற்றில் சொருகியிருக்கிறேன். தொப்பைக்குக் கிடைத்த பெருமையெல்லாம் கயிற்றுக்குச் சேரவேண்டியது.

குமாரசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆர்டர் கிணற்றில் போனதை நேரிலேயே பார்த்த முதலாளி அவராகத்தான் இருப்பார். எனக்குப் பாவமாக இருந்தது.

மாஸ்டர் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டார்.

சேட் அதை இடுப்பில் கட்டி, டிரவுசரைச் சொருகிக்கொண்டு மேலே ஏறி வந்தார். இடுப்பைச் சுற்றி எண்கள். சேட் டேப்பை இழுத்துப் பார்த்தார். நின்ற இடத்திலேயே குதித்தும் பார்த்தார். நழுவவில்லை.

"மூணு ஸ்டைலும் அனுப்புங்க. ஆனா, கயிறு உள்ளேயே வெச்சுத் தைக்கணும்."

குமாரசாமி எழுந்து சேட்டின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து எல்லா மெஷினும் ஓடுகிறது.

நம் இடுப்பில் இருப்பது எல்லோர் இடுப்பிலும் இருக்கும் என்று நினைத்துத்தானே நாமும் பாதிக் காரியங்களைச் செய்கிறோம்? மாப்பிள்ளைக்கு நம் வீட்டுக் காரத்தில் குழம்பு வைக்கிறோம். விருந்தாளியை விடிகாலை நாலு மணிக்கே காப்பி கொடுத்து எழுப்புகிறோம். அவர்களும் பாவம், தண்ணி நல்லாயிருக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

மாஸ்டர் திருந்திவிட்டார். இப்போது வெளியூர் வியாபாரி யார் வந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு முதலில் இடுப்பைத்தான் பார்க்கிறார்.