அப்பா போகாத இந்தியா

அப்பாவிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. ஐந்து வயதில் இந்தியாவிலிருந்து மலாய் நாட்டுக்கு வந்தவர். இங்கேயே பிறந்த அம்மாவுக்கும் எனக்கும் குடிமக்களுக்கான நீலக் கார்டு. சிவப்புக் கார்டுக்காரருக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை பர்மிட் எப்போதும் இழுபறிதான். பர்மிட் போனால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். அந்தப் பயத்தில்தான் எழுபதுகளின் கடைசியில் அப்பாவின் குடியுரிமைக்கு மனுப் போட்டோம்.

சுங்கை பட்டாணி அலுவலகத்தில் அதிகாரி மலாயில் விளக்க, நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். கடைசிப் பன்னிரண்டு வருஷத்தில் பத்து வருஷமாவது இந்த நாட்டிலேயே இருந்திருக்க வேண்டும். நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாடு போயிருந்தால் சிக்கல்.

அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் முந்திக்கொண்டாள். "போனாரு லா, துவான். எட்டு மாசம் இந்தியாவுல. எங்கள விட்டுட்டு." வருஷக்கணக்காகச் சேர்ந்த ஆத்திரம், இடம் பொருள் பார்க்குமா?

"நான் போகவே இல்ல," என்றார் அப்பா.

சில வருஷங்களுக்கு முன் இந்தியாவுக்கென்று நாங்கள் மாலை போட்டு வழியனுப்பிய மனிதர்! பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு ஃபெரி ஏறியதுமே வாந்தியாம். இந்தத் துளித் தண்ணீருக்கே இப்படியென்றால் சென்னை வரை கப்பலா? திரும்பிவிட்டார். தோட்டத்துக்கு வர வெட்கப்பட்டு, தஞ்சோங் டாவாய் மீனவக் கிராமத்தில் நெத்திலி அவிக்கும் வேலையில் சேர்ந்துவிட்டார். எட்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது அடித்த கருவாட்டு நாற்றத்தைக் கப்பல் வாடை என்றார். நாங்களும் நம்பினோம், பிழைக்கத் தெரியாத குடும்பம்.

அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும் சாட்சி கேட்டார். அம்மா அந்த வாரம் முழுக்க அப்பாவோடு பேசவில்லை.

அடுத்த வாரம் நெத்திலிக் கொட்டகையின் சீன முதலாளியே அலுவலகத்துக்கு வந்து மலாயில் சாட்சி சொன்னார். "எட்டு மாசமும் என்கிட்டதான் இருந்தான். வெளிய போனதுன்னா ஞாயித்துக்கிழமை மட்டும்தான். என் சைக்கிள எடுத்துக்கிட்டு இவன் தோட்டத்துப் பக்கம் மெர்போக் போவான். பொண்டாட்டி பாசாருக்கு வர்றத மறைஞ்சு நின்னு பாத்துட்டு வந்துருவான்."

நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வசிப்புக் கணக்கில் குறையில்லை, நீலக் கார்டு கிடைத்துவிடும் என்று அதிகாரி சொன்னார். அதை அம்மா காதிலேயே வாங்கவில்லை. "கிட்ட வந்து ஒரு வார்த்த பேசியிருக்கலாம்ல?" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே திட்ட ஆரம்பித்தாள். பஸ் ஏறி வீடு வரும்வரை திட்டினாள், கையை விடவில்லை. அம்மா அவ்வளவு சந்தோஷமாகத் திட்டி நான் கேட்டதே இல்லை.