இடது பெட்டி

உப்பேரி நடுவில் தீவாக இருக்கும் எங்கள் பசியாவரத்தில் எது கெட்டாலும் பழி உப்புக்காற்றின் தலையில்தான் விழும். சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, டிவி எல்லாவற்றையும் தின்றது அதுதானே. திருவேங்கடம் மாமாவின் இடதுபக்க ஸ்பீக்கர் மங்கியபோதும் நாங்கள் வேறு எதையும் சந்தேகிக்கவில்லை.

மாமா என் அக்கா தேவகியின் புருஷன். முப்பது வருடமாக அவரும் நானும் ஒரே படகு. அவருக்கு மீன் மேல் பெரிய ஆசை கிடையாது, ஆசை முழுக்கப் பாட்டு மேல்தான். கல்யாணமான புதிதில் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பாலித்தீனில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துப் படகில் கொண்டுவந்தார். பலகை அறுத்து ஸ்பீக்கர் பெட்டிகளைத் தானே செய்தார். ஏரியிலிருந்து வந்து குளித்ததும் இரண்டு பெட்டிக்கும் சரிநடுவில் பாய் போட்டு உட்காருவார். “பாடுறவரு நடுவுல நிக்கிறாரு பாருடா” என்பார். என் கண்ணுக்கு யாரும் நின்றதில்லை. அவர் சந்தோஷத்துக்காகத் தலையாட்டுவேன்.

இந்த வருடம் பாடுகிறவர் வலப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனாராம். மாமா இடது பெட்டியைக் கழற்றினார். ஒயர் நுனியில் பச்சை பூத்திருந்தது. சுரண்டி ஈயம் வைத்தார். பிறகு ஒயரையே மாற்றினார். கடைசியில் மீஞ்சூர் போய்ப் புது ஸ்பீக்கரே வாங்கிவந்து மாட்டினார். பாடுகிறவர் நடுவுக்கு வரவே இல்லை.

“அலுத்துப்போச்சுடா குப்பா. புதுசையும் உப்பு தின்னுடுச்சு” என்றார் ஒரு மத்தியானம், திறந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்து.

வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கவில்லை. “அது நல்லாத்தான் பாடிக்கினு கீது. எனக்குக் கேக்குதே” என்றாள்.

மாமா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. திரும்பி, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். “இப்ப இடது பொட்டி கேக்குது, வலது போச்சு” என்றார் மெதுவாக. இடது காதைக் கையால் பொத்தினார். பொத்தியதும் பொத்தாததும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். கையை எடுக்க மறந்து அப்படியே இருந்தார்.

எங்கள் படகில் டீசல் எஞ்சின் பின்னால் இருக்கிறது, ஓட்டுகிறவரின் இடது காதிலிருந்து ஒரு முழம் தள்ளி. முப்பது வருடமும் ஓட்டியவர் அவர். வலையோடு முன்னால் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். ‘இன்னிக்கு நான் ஓட்டுறேன் மாமா’ என்று ஒரு நாள்கூட நான் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ இடது பெட்டியை மூடி, நான்கு திருகாணியையும் ஒழுங்காக முடுக்கினார்.

“தேவகி, இப்டி வந்து குந்து.”

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

“அந்தப் பொட்டில இன்னா வருது?”

அவளுக்கு வாத்தியங்களின் பெயர் தெரியாது. “ஏதோ ஊதுறாங்க” என்றாள், அவர் வலது காதுப் பக்கம் எட்டி.

“புல்லாங்குழல். நல்லா ஊதுறானா?”

“நல்லாத்தான் ஊதுறான்” என்றாள் அக்கா.