கூடாரத்துக்குள் நான், வெளியே வாத்துகள்

பறவைகளுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து படம் எடுக்க ஒரு கூடாரம் வாங்கப் போனேன். கடையில் நாலைந்து வகை இருந்தன. முதுகுவலிக்காரன் என்பதால் மெத்தை நாற்காலி வைத்ததைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு ஞாயிறு காலை எண்ணூர் கழிமுகச் சேற்றோரம் அதை விரித்து, பட்டைத்தலை வாத்துகளுக்காகக் காத்திருந்தேன். நாற்காலி அவ்வளவு சுகம். தூங்கிப்போனேன்.

ஏறிவந்த தண்ணீர் காலில் பட்டு விழித்தேன். ஒரு வாத்துகூட இல்லை. சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண் ஒருவர், இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து சிரித்தபடி வந்தார்.

"படம் நல்லா வந்துச்சாண்ணா? எம்மாம் வாத்து, உன் கூடாரத்தாண்டயே மேஞ்சுகினு இருந்துச்சு! நான் அசைஞ்சா பறந்துடும்னு எறா புடிக்காம அப்படியே நின்னுகினு இருந்தேன்."

அவருடைய கூடை பாதிகூட நிறையவில்லை. 'நல்லா வந்திருக்கு' என்று சொல்ல வாயெடுத்தேன், மனசு வரவில்லை.

"தூங்கிட்டேம்மா."

ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வுடுண்ணா, நானாவது பாத்தேனே! தெனம் வருதுங்க, நின்னு பாத்தது இன்னிக்குத்தான். இன்னா அழகு!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு வாத்துப் படங்கள் நிறையவே எடுத்துவிட்டேன். ஆனால் யாரென்றே தெரியாத எனக்காகத் தன் பிழைப்பை நிறுத்தி நின்றவரை நினைத்தால், இன்றும் கொஞ்சம் வெட்கமும் நிறைய சந்தோஷமும் வருகின்றன.