பல்லி தள்ளிய முள்

கூடத்தில் அம்மா சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைக் கிறீச்சென்று திறந்தாள். சரவணம்பட்டி ஃப்ளாட்டின் சமையலறையில் நின்ற எனக்கு, பஞ்சுத் தூசியும் தேங்காயெண்ணெயும் கலந்த அப்பாவின் சட்டை வாசனை வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவுக்கு மில்லில் காலை ஷிஃப்ட். பிந்திப் போனால் கேட்டை அடைத்துவிடுவார்கள். அதனால் அம்மா விளக்கு வைத்த கையோடு முக்காலியில் ஏறி, பெரிய முள்ளை முன்னால் தள்ளி வைப்பாள். அவள் குடத்தோடு குழாயடிக்குப் போனதும் அப்பா அதே முக்காலியில் ஏறி, முள்ளைப் பின்னால் இழுப்பார்.

"ஏனுங்கப்பா?" என்று கேட்டேன்.

"உங்கம்மா செத்த நேரம் கூடத் தூங்கட்டும் கண்ணு. சொல்லிப்போடாதே."

கடைசியில் கடிகாரம் மணியைத் தப்பும் தவறுமாக அடிக்க ஆரம்பித்தது. டவுன்ஹால் பக்கத்துக் கடிகாரக் கடைக்கு மூவரும் கொண்டுபோனோம். கடைக்காரர் திறந்து பார்த்தார்.

"முள்ளை யாரோ பின்னால திருப்பறாங்க. அதான் கணக்குத் தப்பிப்போகுதுங்க."

அப்பா முகத்தில் சலனமே இல்லை. "பல்லி தள்ளியிருக்குமுங்க" என்றார்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா காலமான பிறகும் அம்மா முள்ளைத் தள்ளுவதை விடவில்லை. இன்றும் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனாள். கடிகாரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடிக் கதவைத் திறந்து, முள்ளைப் பின்னால் இழுத்து வைத்தேன்.

சற்று நேரத்தில் மணி தப்பாக அடித்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அம்மணி, பல்லி வந்திருச்சாட்ட இருக்குது" என்றாள் அம்மா.