களைத்த கால்கள் என்று எழுதியவள்

ஹார்லோ ஃபால்ஸ் நகர அலுவலகத்தில் நாய்க்கு உரிமம் எடுக்கப் போகிறவர்களுக்கு லோர்னா பீலைத் தெரியும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, "வெறிநோய் ஊசி போட்ட சீட்டு எங்கே?" என்று கேட்பவள். வயது அறுபத்து மூன்று. அதே நாற்காலியில் இருபத்தாறு வருடம். ஊர்க்காரர்களிடம் அவளைப் பற்றிக் கேட்டால் அதற்கு மேல் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

ஆனால் மெய்ன் மாநிலத்தில் சிதறிக் கிடக்கும் ஒரு நானூறு பேருக்கு அவள் வேறு ஆள். பிப்ரவரியில் உயர்நிலைப் பள்ளிகளின் உள்ளரங்க மாநிலப் போட்டி வரும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, பெண்களின் இரண்டு மைல் ஓட்டத்தைப் பற்றி அவள் எழுதும் முன்னோட்டம் ஓட்டக்காரர்களின் இணையதளம் ஒன்றில் வெளியாகும். மற்ற ஓட்டங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். இரண்டு மைல் மட்டும் லோர்னாவுடையது.

நேரங்களைப் பார்த்துப் பெயர்களை வரிசையாக அடுக்கக் குழந்தைகூடப் போதும். லோர்னா அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பதினோரு நிமிடம் மூன்று வினாடி என்றால், எங்கே ஓடியது? பல்கலைக்கழகத்தின் அகன்ற தடத்திலா, வளைவில் தோள் சுவரில் இடிக்கும் பழைய கூடத்திலா? தனியாக ஓடினாளா, முன்னால் ஒருத்தி இழுத்துப் போனாளா? இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கேள்வி உண்டு. மாநிலப் போட்டியில் ஒரு மைல் ஓட்டம் காலையில், இரண்டு மைல் பிற்பகலில். பயிற்சியாளர்கள் நல்ல ஓட்டக்காரியின் பெயரை இரண்டுக்கும் கொடுத்து வைத்திருப்பார்கள். எதிலிருந்து அவளை எடுப்பார்கள் என்பது அன்று காலையில்தான் தெரியும். காலையில் மூச்சு முழுவதையும் செலவழித்தவள் பிற்பகலில் வேறு பெண். பட்டியலில் இருக்கிற எண் அவளுடையதே அல்ல.

ஆகவே லோர்னா பயிற்சியாளர்களைக் கேட்பாள். சொல்ல விருப்பமில்லாதவர்கள் சொல்ல மாட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. சொன்னவர்கள் உண்மையைச் சொன்னார்கள். இப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் எழுதிவந்த இருபத்தோரு வருடத்தில் யாரும் மீறவில்லை என்பதால் அது விதியாக இருந்தது.

ஹார்லோ ஃபால்ஸ் பள்ளியின் பயிற்சியாளர் மெர்ல் ஹச்சின்ஸை மட்டும் அவள் தொலைபேசியில் கேட்க வேண்டியதில்லை. மனைவி இறந்த பிறகு மெர்ல் சனிக்கிழமை தோறும் லோர்னா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். காலையிலிருந்து அடுப்பில் வெந்த பீன்ஸும், சிவப்புத் தோல் சாசேஜும், தகர டப்பாவில் அவித்த கறுப்பு ரொட்டியும். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர்கள் படித்த நாளில் அந்தப் பள்ளியில் பெண்களுக்கு அரை மைலுக்கு மேல் ஓட்டம் கிடையாது. பதினாறு வயது லோர்னா, இரண்டு மைல் ஓடினால் எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். மெர்ல் தன் அப்பாவின் டிரக்கை எடுத்து வந்து, அதன் மைல் மீட்டரை வைத்துச் சாலையை அளந்து, பின்னாலேயே ஓட்டி வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்: பதினொன்று நாற்பத்தொன்று. லோர்னா பிறகு எந்தப் பந்தயத்திலும் இரண்டு மைல் ஓடவில்லை. அந்த எண் அவளிடம் இருந்தது, அவ்வளவுதான்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, சனிக்கிழமை, மெர்ல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"பிரென்னா என்ன பண்ணப் போறா?"

பிரென்னா லிபி மெர்லின் பள்ளியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தவள். மாநிலத்தில் அந்தக் குளிர்காலத்தின் இரண்டு சிறந்த தொலைதூர ஓட்டக்காரிகளில் ஒருத்தி.

"மைல்தான். அதுல ஜெயிச்சே ஆகணும்னு நிக்கிறா. சொன்னாக் கேக்கிற பொண்ணா அது? மிச்சம் வைக்காம ஓடிடுவா."

"ரெண்டு மைல்?"

"அணிக்குப் புள்ளி தேவைப்பட்டா இறக்குவேன். ஆனா கால்ல ஒண்ணும் இருக்காது, லோர்ன்."

"எழுதலாமா?"

"எழுது. என் பேரைப் போட்டுடாதே. கோச்சே இப்படிச் சொல்றாரேன்னு புள்ள மனசு விட்டுடும். நீ சொல்ற மாதிரி எழுது."

அதில் புதிதாக ஒன்றும் இல்லை. பயிற்சியாளர்கள் பெயரை அவள் எப்போதும் போட்டதில்லை. கேட்டதைத் தன் கணிப்போடு குழைத்து, தன் குரலில் எழுதுவதுதான் வழக்கம். வியாழக்கிழமை இப்படி எழுதினாள்: "பிரென்னா லிபி களைத்த கால்களுடன் வருவாள். ஜோலின் சியர் முதல் சுற்றிலேயே வேகத்தை ஏற்றிவிட்டால், பத்தாவது சுற்றைத் தாண்டி லிபியால் கூட வர முடியாது. இது சியரின் ஓட்டம்."

ஜோலின் சியர் வடக்கே உருளைக்கிழங்கு விளையும் பகுதியிலிருந்து வருபவள். அவள் பள்ளியில் உள்ளரங்கத் தடம் கிடையாது. பனி தள்ளிய சாலையிலும் பள்ளித் தாழ்வாரத்திலும் பயிற்சி. பயிற்சியாளர் தியோ மிஷோ, கணக்கு வாத்தியார், சின்ன வயது, இரண்டாவது வருடம்தான். அணி என்றால் அந்த ஒரு பெண். அவளையும் காரில் ஐந்து மணி நேரம் அவரே ஓட்டி அழைத்து வந்தார்.

போட்டியன்று காலை, ஒரு மைல் ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் பிரென்னா இல்லை. ஓட்டத்திலிருந்து விலகியவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. லோர்னா பார்வையாளர் மேடையில் உட்கார்ந்தபடி குனிந்து பார்த்தாள். மெர்ல் தடத்தின் ஓரத்தில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். காய்ச்சலாக இருக்கும், அல்லது மனதை மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். மனிதர்கள் மனம் மாறுவார்கள். அதற்குப் பெயர் பொய் இல்லை.

தியோவும் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தாரோ இல்லையோ, பிற்பகலில் ஜோலின் கொண்டுவந்த திட்டத்தோடே ஓடினாள். பதினாறு சுற்றுகள். முதல் சுற்றிலேயே முன்னால் போனாள். நாற்பது வினாடிக்கு ஒரு சுற்று, ஒன்றன்பின் ஒன்றாக. ஐந்தாவதில் மற்றவர்கள் கழன்றார்கள். பிரென்னா கழலவில்லை. ஜோலினின் வலது தோளுக்கு ஒரு முழம் பின்னால், காற்றை அவள் கிழிக்க, இவள் அந்த நிழலில் சும்மா வந்துகொண்டிருந்தாள். பத்தாவது சுற்றில் ஜோலின் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். களைத்திருக்க வேண்டிய ஒருத்தி அங்கே களைக்காமல் இருந்தாள். ஜோலின் வேகத்தை இன்னும் ஏற்றினாள். அவளிடம் வேறு திட்டம் இல்லை. கடைசிச் சுற்றில் பிரென்னா வெளியே வந்து, ஏதோ அப்போதுதான் ஓட ஆரம்பித்தவள்போல, இருபது அடி வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

வழக்கம்போல வென்றவளிடம் இரண்டு வார்த்தை கேட்க லோர்னா கீழே இறங்கினாள். பிரென்னா தரையில் உட்கார்ந்து முள் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மைல்ல ஓட வேண்டாம்னு எப்ப முடிவாச்சு பிரென்னா?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதுமே, மிஸ் பீல்."

"கிறிஸ்துமஸா?"

"ஆமா. ரெண்டு மைல் மட்டும்தான்னு கோச் அப்பவே சொல்லிட்டார்." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு வஞ்சமும் இல்லை. "வியாழக்கிழமை நீங்க எழுதினது வந்துச்சில்ல, இன்னிக்கு வர்றப்ப பஸ்ல கோச் அதை நின்னு சத்தமாப் படிச்சார். களைத்த கால்கள்னு வந்ததும் எல்லாரும் கை தட்டினோம். செம ஐடியா, மிஸ் பீல். உங்களுக்கும் கோச்சுக்கும்."

லோர்னா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "நல்லா ஓடினே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். உங்களுக்கும் என்ற சொல் கூடவே வந்தது.

மெர்ல் சிற்றுண்டிக் கடையில் காகிதக் கிண்ணத்தில் சோளக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்ல உக்காந்து, என் ரொட்டியைத் தின்னுக்கிட்டே சொன்னியே மெர்ல்."

அவர் தலை நிமிரவில்லை. "புள்ள சொல்லிட்டாளா? வாயை மூடத் தெரியாது அவளுக்கு."

"எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம். சொல்ல மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் மறுபடி கேட்டிருப்பேனா?"

"சொல்லாம இருந்தா நீயே யோசிச்சுக் கண்டுபிடிச்சிருப்பே. நீ கெட்டிக்காரி." அதைப் பாராட்டாகவே சொன்னார். "அந்த வடக்கத்திப் பொண்ணு காத்திருந்து கடைசியில ஓடினா எங்களால முடியாது, லோர்ன். அவளை முன்னால ஓட வைக்கணும். நான் போய் அந்தச் சின்னப் பையன்கிட்டச் சொன்னா நம்புவானா? நீ எழுதினா நம்புவான்."

"அப்ப பொய்யை அவனுக்குச் சொல்ல என்னை அனுப்பினே."

"பொய் என்ன பொய். பந்தயம். முன்னோட்டம்தானே எழுதறே, நீதிமன்றத்துல சாட்சியா சொல்றே?" கிண்ணத்தைக் குப்பையில் போட்டார். "லேசா சளின்னு எழுதிடு. கடைசி நேரத்துல மாத்திட்டாங்கன்னு எழுது. உனக்கும் அசிங்கம் இல்லை, எனக்கும் இல்லை. நீ வாயைத் திறந்தா யார் முட்டாள்? நீதானே?"

அவர் சொன்னதில் அது மட்டும் உண்மை. லோர்னா திரும்பி நடந்தாள். நடக்கும்போது அவளுக்கு அந்தச் சாலையும் டிரக்கும் நினைவுக்கு வந்தன. மைல் மீட்டரை அவள் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தையும் பார்க்கவில்லை. பதினொன்று நாற்பத்தொன்று என்று ஒருவன் சொன்னான், அவள் நம்பினாள். இனி அதை யாரிடம் போய்க் கேட்பது?

வெளிக்கதவருகே தியோ மிஷோ பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜோலின் சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். லோர்னா வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"மனசுல வச்சுக்காதீங்க மிஸ் பீல். கணிப்புன்னா தப்பும்தானே. நீங்க வருஷா வருஷம் எழுதறதைப் படிச்சுத்தான் இந்த ஓட்டமே எனக்குப் புரிஞ்சுது."

கதவு திறந்தே இருந்தது. அதன் வழியாக அவள் கௌரவமாக வெளியேறியிருக்கலாம். தவறாகக் கணித்தவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அது சின்னப் பெயர், அடுத்த வருடம் மறந்துவிடும்.

"அது கணிப்பு இல்ல தியோ. மெர்ல் ஹச்சின்ஸ் எங்கிட்டச் சொன்னார். தெரிஞ்சே பொய் சொல்லியிருக்கார். இப்பத்தான் எனக்குத் தெரியும்."

தியோ கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"அவர் சொன்னாருன்னு எழுதியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். "நீங்க சொன்னதால நம்பினேன்."

"ஆமா."

"ஒரே ஊர்க்காரங்க நீங்க. அதையாவது யோசிச்சிருக்கணும் நான்."

"எனக்குத் தெரியாது தியோ. சத்தியமா."

"தெரியாதுன்னே வச்சுக்குவோம்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். "காலையில பட்டியலைப் பார்த்ததும் ஜோலின் கேட்டா, திட்டத்தை மாத்தலாமான்னு. நான்தான், மிஸ் பீல் காரணம் இல்லாம எழுத மாட்டாங்க, அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா இருக்கும்னு சொன்னேன். இதை அவகிட்ட நான் இனிமேத்தான் சொல்லணும்." ஜோலினைக் கூப்பிட்டுக்கொண்டு காரை நோக்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லோர்னா போட்டி விவரத்தை எழுதினாள். பதினாறு சுற்றுகளையும் எழுதினாள். ஜோலின் ஓடிய விதத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்தாள். கடைசியில் இதைச் சேர்த்தாள்: "வியாழக்கிழமை முன்னோட்டத்தில், லிபி களைத்த கால்களுடன் வருவாள் என்று எழுதினேன். அதைச் சொன்னவர் அவளுடைய பயிற்சியாளர் மெர்ல் ஹச்சின்ஸ். உண்மை இல்லை என்று தெரிந்தே சொன்னார். அவர் சொன்னதை நான் சொல்வதுபோல் எழுதியது என் தவறு. ஓடிய இரண்டு பெண்களிடமும் தவறில்லை."

மறுநாள் மதியத்துக்குள் அதன் கீழே ஐம்பது பேர் எழுதியிருந்தார்கள். மெர்லைத் திட்டியவர்கள் சிலர். பலர் சிரித்தார்கள், கிழவன் பலே ஆள் என்று. இருவரும் சேர்ந்து செய்துவிட்டு மாட்டிக்கொண்டதும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். அதற்கு மற்றவர்கள் பதில் சொல்வார்கள் என்று லோர்னா இரண்டு நாள் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. மெர்ல் சனிக்கிழமை வரவில்லை. வருவார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை, அடுப்பும் மூட்டவில்லை.

மாநிலத்தில் முதல் ஆறு இடம் பிடித்தவர்கள் இரண்டு வாரம் கழித்து பாஸ்டனில் ஆறு மாநிலங்கள் கலந்துகொள்ளும் போட்டிக்குப் போவார்கள். அதற்கும் அவள்தான் முன்னோட்டம் எழுத வேண்டும். எழுத மாட்டேன் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால், இருவரும் சேர்ந்து செய்தது என்று அந்த ஒருவர் எழுதியது நிஜமாகிவிடும். செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "நீங்க சொல்றது உங்க பேரோட வரும்" என்று முதலிலேயே சொன்னாள். அதைக் கேட்டதும் பெரும்பாலானோர், யோசித்துக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்கள். மெர்லைக் கூப்பிடவில்லை. பிரென்னாவின் பெயருக்கு எதிரே அவள் ஓடிய நேரம் மட்டும் வரும்.

தியோ மிஷோ மூன்றாவது மணி அடித்ததும் எடுத்தார்.

"என் பேரைப் போட்டே எழுதுங்க" என்றார். "ஜோலின் ரெண்டு மைல் மட்டும்தான். மைலுக்குப் பேரே கொடுக்கல."

"நன்றி தியோ."

"இந்தத் தடவை காத்திருந்து ஓடுவா. அதையும் எழுதிக்குங்க, பரவாயில்ல."

எழுதிக்கொண்டாள். தொலைபேசியை வைத்தாள். பிறகு கணினியில் பாஸ்டன் போட்டியின் ஒரு மைல் பட்டியலைத் திறந்து, ஜோலின் சியர் என்ற பெயர் அதில் இருக்கிறதா என்று மேலிருந்து கீழே வரிவரியாகப் பார்த்தாள். இல்லை. அவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். பட்டியலை மூடாமல் இன்னொரு முறையும் பார்த்தாள்.