சாமி வாசனை

குழந்தை பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு எனக்குக் கடுமையான சளிக்காய்ச்சல். விட்டுப் போகும்போது அது என் மூக்கிலிருந்த வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டரிடம் மட்டும் சொன்னேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல எதற்கு ஒரு டாக்டர் என்று எரிச்சலாக வந்தது.

பத்து வருஷத்துக்கு முந்திய கதை அது. திருவொற்றியூரில் தண்டவாளத்துக்கு மேற்கே, மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். பிரசவத்துக்கு ஒத்தாசையாக ராயபுரத்திலிருந்து என் நாத்தனார் வந்து தங்கியிருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டி, துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டியதும் அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"கோயிலுக்கு இன்னாத்துக்குப் போவணும்? இங்க மோந்து பாரு. சாமி வாசன," என்றார்.

மோந்து பார்த்தேன். தலையின் சூடு தெரிந்தது, முடி மூக்கில் குறுகுறுத்தது. வாசனை மட்டும் இல்லை. ஆமாம் அண்ணி என்று பொய் சொன்னேன்.

பிறகு தினமும் அதே பொய். பால் கொடுக்கும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் மோந்து பார்ப்பேன். வந்து பார்த்துப் போகும் பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடக் கிடைப்பது பெற்றவளுக்கு ஏன் கிடைக்கவில்லை? வாசனைதான் வரவில்லையா, எனக்குப் பாசமே வரவில்லையா என்று குழம்பினேன். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தீட்டு என்பதால் கோயிலுக்கும் போக முடியாது. கோயில் இருக்கும் பக்கமாகத் திரும்பி, ஒரே ஒரு தடவை போதும் தாயே என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

முப்பது நாள் தாண்டியிருக்கும். ஒரு சாயங்காலம் துணி எடுக்க வெளியே வந்தேன். காற்று திரும்பி மேற்கிலிருந்து வீசியது. தெருவில் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. மணலி எண்ணெய் ஆலைகள் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் அதே அழுகிய முட்டை நாற்றம். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்தபடி நின்றுவிட்டேன். எனக்கும் நாறியது.

என் வீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "இன்னாமே, இந்தக் கலீஜப் போய் இயுத்துகினு நிக்கிற?"

"எனுக்கு நாறுதுய்யா," என்றேன் அழுதுகொண்டே. பாவம், அவர் பயந்துபோனார்.

துணிகளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். குழந்தையை வாரி எடுத்து உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். முதலில் முட்டை நாற்றம்தான். அதற்கு அடியில் கொஞ்சம் பால், கொஞ்சம் சாம்பிராணி, லேசாகப் புளித்த வேர்வை. அப்புறம் இன்னொன்று. அதற்கு இன்றுவரை எனக்குப் பேர் தெரியாது. சந்தோஷத்தில் குழந்தையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தீட்டு கழிந்ததும் தேங்காய் உடைக்கப் போனேன். நன்றி அம்மனுக்கா மணலிக்கா என்று சன்னிதியிலேயே மனசு தடுமாறியது. கேட்டது ஒன்று, அதை இப்படியா அனுப்புவாள்? கோபித்துக்கொள்வதா கும்பிடுவதா என்று தெரியாமல் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை.

அந்தக் குழந்தை இப்போது ஐந்தாவது படிக்கிறாள். மேற்குக் காற்று நாறினால் முதலில் ஜன்னலைச் சாத்த ஓடுவது அவள்தான். இரு என்று சொல்லி இழுத்து வைத்து, அவள் தலையில் மூக்கைப் புதைத்துக்கொள்வேன். நேற்றும் அப்படித்தான். திமிறிக்கொண்டே கேட்டாள்:

"இன்னாம்மா, உனுக்கு மூக்கே இல்லியா?"