முகிலி

கன்னட எல்லையோரச் சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரர் அவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தூக்கத்தை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்த கண்கள். யாருக்குக் குழந்தை பிறந்தாலும் பெயரைக் கேட்பார். பிறகு, "கன்னடத்துல அதுக்கு என்ன அர்த்தம்னு விசாரிச்சியளா?" என்பார்.

"ஜோசியர் ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று பின்சீட்டில் சிரிப்பார்கள்.

என் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்தபோது என்னிடமும் கேட்டார்.

"ஏன் தம்பி, எப்பப் பாத்தாலும் இதையே கேக்கறீங்க?" என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியிலதான் எம்புள்ள பொறந்தா. யாரும் வைக்காத பேரா தேடி, முகிலின்னு வச்சேன். மேகம்னு அர்த்தம். நர்சம்மாகிட்டயும் சொல்லியிருந்தேன். மறுநா அந்தம்மா வெளிய வந்து 'முகீத்து'ன்னாங்க. பேரத்தான் சொல்லுதாங்கன்னு, 'ஆமா, முகிலிதான்'னு சிரிச்சேன் அண்ணாச்சி. முடிஞ்சிட்டுன்னு அர்த்தமாம்."

வானிலை சொல்வதைப் போலத்தான் சொன்னார். ஆறுதலுக்கு அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டேன்.

"கன்னடத்துலயும் முகிலுன்னா மேகந்தான்" என்றேன். கன்னடம் புழங்கும் கெலமங்கலத்தில் வளர்ந்தவன் நான். எனக்கு அது தெரியும்.

முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் எதுக்குச் சிரிச்சேன்னு அந்தம்மாவுக்குப் புரிஞ்சிருக்கும்லா?"

"புரிஞ்சிருக்கும்" என்றேன்.

கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.